பீச்சாங்கை மேளம்

மார்ச் 4

காலர் தைத்தே முதுகு போயிற்று. மெஷின் மிதிக்கும் கால் தானாகத் தாளத்துக்குப் போய்விட, பக்கத்து மெஷின் அக்கா, "சட்டை தைக்கிறியா, ஊர்வலம் போறியா?" என்றாள். மேளக்காரர் மகளுக்குக் கால்கூடச் சும்மா இருக்காது.

வியாழக்கிழமை இசைப் பள்ளியில் மேள வகுப்புக்குத் தேர்வு. அப்பாவிடம் சொல்லவில்லை. என்ன சொல்வார் என்று தெரியும்.

சின்ன வயதில் அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துத்தான் அடிக்கப் பழகினேன். அவருடைய வலது கைக்கு நேரே என் இடது கை. அது ஏற்கெனவே முந்திரிக்கொட்டை, தாளத்தைப் பிடித்துக்கொண்டது. அப்பா துணியால் அதை இடுப்போடு கட்டிவிட்டு, வலது கையில் குச்சியைத் திணித்தார். அவர் தலை மறைந்ததும் அவிழ்த்துவிடுவேன். இன்றுவரை நான் முதலில் ஓங்குவது இடதுதான்.

மார்ச் 6

ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தலை நன்றாக ஆடியது. கண்ணைத் திறந்தார், ஆட்டம் நின்றுவிட்டது.

"வாசிப்பு பிரமாதம்மா. ஆனா பீச்சாங்கை முந்துதே. ஜூன்ல வகுப்பு. அதுக்குள்ள மாத்திக்கிட்டு வா, இடம் உனக்குத்தான்."

அவர் காதுக்கு நான் போதும். கண்ணுக்குத்தான் போதவில்லை.

மார்ச் 29

வலது கை மரக்கட்டை. என் மேளமே யாரோ அடிப்பதுபோலக் கேட்கிறது.

ஏப்ரல் 13

அடுப்படியில் அம்மா இடது கையால் கிண்டிக்கொண்டிருந்தாள். வாசலில் ஆள் சத்தம் கேட்டதும் கரண்டி வலது கைக்குத் தாவியது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எப்படிக் கவனிக்காமல் போனேன்?

"நீயுமாம்மா?"

"உன் அப்பாவுக்கே தெரியாது. யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா மனசு கஷ்டமாயிடும், அதான்."

ஆயுசு முழுக்க ஒளிச்சு வச்சிருக்கா. நான் மாட்டேன். சத்தியமா மாட்டேன்.

ஜூன் 2

பள்ளிக்குப் போய் நேராகச் சொன்னேன். "கை மாறல சார். மாத்துறதாவும் இல்ல."

"அப்போ இடம் இல்லம்மா."

"சரிங்க சார்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அழுதேனா? கொஞ்சம். பஸ் வருவதற்குள் துடைத்துக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, "அப்பவே என் பேச்சக் கேட்டிருந்தா..." என்று இழுத்தார். "நீங்க கையத்தான் கட்டினீங்க. காதக் கட்ட மறந்துட்டீங்க" என்றேன். அம்மா எனக்குக் குழம்பு ஊற்றினாள். இடது கையால். அப்பா பார்க்க.

ஜூன் 22

மெஷின் அக்கா மகள் கல்யாணம். தனியாக வாசித்தேன். அப்பா குழுவின் நெட்டையண்ணன் பந்தியிலிருந்தே, "பீச்சாங்கை மேளம் வந்தாச்சு டோய்" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது.

"ஆமாண்ணே. சோத்தாங்கைய நீங்க இலையிலயே வச்சுக்குங்க, இத நான் பாத்துக்கறேன்."

அப்புறம் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மணப்பெண் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினாள். கடைசியில் அடியில் ஒரு திருப்பம் வந்து விழுந்தது, இடது கை ஓங்கி, வலது பின்னால் ஓடி வருகிற மாதிரி. இதுவரை யார் வாசித்தும் கேட்டதில்லை. என்னுடையது.

ஆகஸ்ட் 17

அப்பா குழுவில் ஒருவர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார். "சனிக்கிழமை எங்ககூட வாசிக்க வர்றியா?" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமலே.

"பீச்சாங்கை பக்கத்துல நின்னா முழங்கை இடிக்கும். அவள ஓரத்துல நிறுத்துங்க" என்றார் நெட்டையண்ணன்.

"ஓரத்துல நிக்க மாட்டேன்ப்பா."

அப்பா குச்சியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு நெட்டையண்ணனிடம், "நீ கொஞ்சம் தள்ளி நில்லுப்பா" என்றார்.

செப்டம்பர் 7

ஞாயிறு. காலையில் அப்பா மேளத்தோடு என் அறை வாசலில் நின்றார்.

"அந்தக் கல்யாணத்துல அடிச்சியாமே ஒரு திருப்பம். எந்த அடியில எடுக்குற?"

அடித்துக் காட்டினேன்.

"மெதுவா. இன்னொரு தடவ."

குச்சியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். தடுமாறினார். நான் சிரிக்கவில்லை.