பாதி கழுவிய சிவப்புக் கார்

மச்சான்,

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இளைய மகள் எழுதுகிறாள். இன்று காலை அவளும் மருமகனும் கொழும்பிலிருந்து இரண்டு கதவுக் கார் ஒன்றில் வந்து இறங்கினார்கள். சிவப்பு. கதவைத் திறந்ததும் வெயிலில் வெந்த ரெக்சின் மணம். நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

உன் காரும் இப்படித்தான், சிவப்பு, இரண்டு கதவு, நிலத்தோடு படுத்துக் கிடக்கும். பாய்ந்தால் வாவியோரத்துக் கொக்கெல்லாம் எழும்பும். நான் வேன்காரன். சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் மறிக்கும் ஒவ்வொரு சென்றிப் பொயின்ற்றிலும் என் வேனில் வந்த சனமெல்லாம் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்துபோய் மறுபக்கம் ஏற வேண்டும். நீ தனியாளாக அட்டையைக் காட்டிவிட்டு என்னை முந்திக்கொண்டு போவாய்.

“உன்ட சனம் இறங்கி ஏறக்குள்ள நான் அமிர்தகழியில தீர்த்தமாடித்து வந்திருவன்.”

“உன்ட காருக்க ஏத்திறதெண்டா மனிசியை மடிச்சு அயன் பண்ண வேணும்.”

காணும்போதெல்லாம் இதே பகிடிதான். என் மனைவியும், “அந்தப் பெட்டிக்குள்ள நான் ஏறமாட்டன்” என்று சொல்லிவைத்திருந்தாள்.

உன் வீட்டுக் கிணறு காவித் தண்ணீர். காரில் கறை பிடிக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லடியில் என் வீட்டு முற்றத்தில்தான் கழுவுவாய். சுனாமியாய்க் கடல் வந்த அன்றும் அப்படித்தான். நான் கோயிலுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு சித்தாண்டியில் நின்றேன். வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். பிள்ளைகளைக் காரின் பின்சீற்றுக்குள் தள்ளிவிட்டாய். அவள் தலையைக் கொடுத்து ஏற முடியாமல் நின்றாள்.

“முதல்ல குண்டிய வை தங்கச்சி, தலை தன்பாட்டில வரும்!”

பாலத்தைத் தாண்டிவிட்டாய். நான் தேடி வந்தபோது பள்ளிக்கூட வாசலில் கார் நின்றது. ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் காய்ந்த சவர்க்கார நுரை. அதற்குள் மூன்று பேரும் இருந்தார்கள்.

அதன்பிறகு உன் காரைப் பகிடி பண்ண எனக்கு நா எழவில்லை. சில கிழமை பார்த்திருந்துவிட்டு நீயே கேட்டாய்.

“என்னடா மச்சான், என்ட காருக்கு ஒரு சொல்லுச் சொல்றாயில்ல?”

“எந்த வாயால சொல்றது?”

“சாப்பிடுற வாயாலதான். நீ நன்றி சொல்லத் தொடங்கினா நான் உன்ட படலை திறக்கமாட்டன், ஓம்.”

சொன்னேன். மடிப்பது வரைக்கும்தான் சொல்ல முடிந்தது. அயன் பண்ணுவதை நீ சொல்லி முடித்தாய்.

யுத்தம் முடிந்த வருசம் நீ படுத்துவிட்டாய். உன் காரில் உன்னைக் கிடத்த முடியாது. என் வேனின் சீற்றைக் கழற்றிப் பாய் விரித்தேன். “இண்டைக்கு உன்ட வேன் வெண்டுட்டு” என்றாய். “பேசாமக் கிட. முன்னுக்கு சென்றிப் பொயின்ற் இருக்கு, இறங்கி நடக்க வேணும்” என்றேன். ஆஸ்பத்திரி வரை சிரித்துக்கொண்டு வந்தாய். திரும்பி வரும்போதும் என் வேனில்தான் வந்தாய். முகத்தையும் மூடி வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள்.

இன்று மருமகன், “மாமி, முன்னுக்கு இருங்க, பின்னுக்கு ஏற ஏலாது” என்றார். என் மனைவிக்கு முழங்கால் வீக்கம் வேறு. அவள் காதில் வாங்கவில்லை. முதுகைக் காட்டித் திரும்பினாள், குண்டியை வைத்தாள், தலை தன்பாட்டில் வந்தது.

நான் வீதியில் நின்று, “இந்தக் காருக்க ஏத்திறதெண்டா மனிசியை மடிச்சு அயன் பண்ண வேணும்” என்று உரக்கச் சொன்னேன், முழுவதையும். நீ மறுமொழி சொல்லும் அளவு நேரம் நின்றேன். பிறகு நானும் குண்டியை முதலில் வைத்து ஏறினேன்.