புதைக்கும் முன் பார்க்கச் சொன்னேன்

அன்பு மகள் வெனிங்குக்கு,

அம்மா எழுதுகிறேன். ஒசாகாக் குளிர் உன்னை வாட்டவில்லையே? இங்கே உன் அப்பா நலம், நானும் இப்போது நலம். அந்த 'இப்போது' எதற்கென்று கேட்பாய். மூன்று வாரத்துக்கு முன் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். தொலைபேசியில் சொன்னால் அன்றைக்கே விமானம் ஏறிவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை.

எட்டு மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை. நம் ஊர் டாக்டர் மூன்று நிமிடம் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "கட்டி இருக்கும்மா. புள்ள பெத்து முடிச்சாச்சு, இனிமே அந்தப் பைய வெச்சு என்ன பண்ணப்போறீங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷத்துக்கு முன் முர்யாத்தி சித்தியிடமும் இதையேதான் சொல்லி அறுத்தார். எடுத்ததை மூடி போட்ட டப்பாவில் கொடுக்க, உன் சித்தப்பா அதைக் கழுவி வெள்ளைத் துணியில் சுற்றி முற்றத்தில் புதைத்து விளக்கும் வைத்தார், உடம்பிலிருந்து பிரிந்ததை மண்ணுக்கே கொடுக்கும் நம் முறைப்படி. அன்றிலிருந்து அவளுக்குத் திடீர் திடீரென்று வியர்வை, தூக்கமில்லை. சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்றுகூட அவளுக்குத் தெரியாது. சோதனை அறிக்கை எங்கே என்று கேட்டேன். "மண்ணுக்குள்ள போனதுக்கு ஏதுக்கா ரிப்போர்ட்டு?" என்றாள்.

அதனால் யோக்யகர்த்தாவுக்குப் போனேன். அங்கே பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் எடுக்கத்தான் வேண்டும் என்றார். அவரையும் நான் நம்பிவிடவில்லை. எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினால்தான் கையெழுத்து என்றேன். உன் அப்பா அதற்குள் குழியே தோண்டிவிட்டார். "எம் பொண்டாட்டி உடம்புல ஒரு பங்க ஊறுகா மாதிரி பாட்டில்ல போட்டு விட்டுட்டு வரணுமா?" என்று ஒரே சத்தம். "ஊறுகான்னா உள்ள என்ன காய்னாவது தெரியும், உங்க மச்சினிக்கு அதுவும் தெரியல" என்றேன். மண்வெட்டியைக் கழுவி வைக்கப் போய்விட்டார்.

அறிக்கை வந்தது. கட்டி மொச்சை அளவுதானாம், அதனால் ஒன்றுமில்லை. ஆனால் உள்சவ்வில் செல்கள் மாறத் தொடங்கியிருந்தனவாம், விட்டிருந்தால் சில வருஷத்தில் புற்றுநோய். நம் ஊர் டாக்டர் சொன்ன வைத்தியம் சரி, காரணம் தப்பு. இதை யோசித்தால் அவர்மேல் என் சந்தேகம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

சோதனை போக மிஞ்சியதைக் கேட்டு வாங்கி, உன் நஞ்சுக்கொடி புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் அப்பா அடக்கம் செய்தார். சித்தியும் வந்திருந்தாள். விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றவள், "எங்க வீட்ல என்னத்தக்கா புதைச்சோம்? நோயவா, நல்லதயா?" என்றாள். இனி யாருக்கும் தெரியாது.

அறிக்கையின் நகல் இதோடு இருக்கிறது. உனக்கும் மாதக்கணக்கு தவறுகிறது என்றாயே, அங்கே ஒரு டாக்டரிடம் இதைக் காட்டு. அவர் என்ன சொன்னாலும் காரணத்தை எழுதி வாங்கு. கூச்சப்படாதே. இறைவன் உன்னை முழுசாக வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
ரெத்னானிங்சி