அப்பாவின் கத்திக்குப் புதுப்பிடி

சோலிங்கன், ஜெர்மனி, அக்டோபர் 1953

தம்பி,

அப்பாவின் சவரக்கத்தியை இத்துடன் அனுப்புகிறேன். பழைய கொம்புப் பிடி வெடித்துவிட்டது. பேரி மரத்தில் புதிதாகச் செய்து பித்தளை ஆணி அடித்திருக்கிறேன். முதல் ஆணியை இறுக அடித்து மரத்தையே பிளந்தேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

தீட்டுவதற்குச் சாணைக்காரர் எவால்டிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இது உங்கப்பா தீட்டினது இல்லம்மா. தேஞ்சிருக்கிற பக்கத்தப் பாரு, நொட்டாங்கைக்காரன் வேலை. தேச்சு நேராக்கிடவா?" என்றார்.

நம் வீட்டில் இடக்கைக்காரன் நீ ஒருவன்தான். "நொட்டாங்கையால கத்தியத் தொட்டே, தோலை உரிச்சிடுவேன்" என்று அப்பா உன்னை விரட்டுவாரே.

கடைசி இரண்டு வருடம் காப்பிக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாமல் அவர் கை நடுங்கியது. ஆனாலும் நான் போகும் ஞாயிறுகளில் முகம் வழவழவென்றுதான் இருக்கும். யார் மழித்தது என்று நான் கேட்டதே இல்லை. அவரும் சொல்லவில்லை. அடக்கத்தன்று எல்லோர் முன்னாலும், "எட்டிக்கூடப் பாக்காத பிள்ளை" என்று உன்னைத்தான் சொன்னேன். நீயும் வாய் திறக்கவில்லை.

அந்தக் கைக்குத்தான் அவர் தன் கழுத்தைக் கொடுத்திருக்கிறார்.

"அந்தத் தேஞ்ச பக்கத்துல மட்டும் கை வைக்காதீங்க" என்று எவால்டிடம் சொல்லிவிட்டேன்.

உன் அக்கா