ஸ்டோரில் குடியிருக்கும் செண்பகா

ஐப்பசி, செவ்வாய் இரவு.

மறைந்த அப்பா சிறுவர்களுக்கு எழுதிய திகில் கதைகளில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வசிக்கும் பேய் செண்பகா. அது என் சிறுவயதுப் பொம்மையின் பெயர். அந்தப் பெயரை நான்தான் அப்பாவுக்குக் கொடுத்தேன்.

இன்று மலையில் ஏலத்தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஸ்டோரில் அடுப்பு மூட்டுவதற்கு முன், அங்கே வேலை செய்யும் முருகாயி அக்கா ஒரு பிடி பச்சை ஏலக்காயை வாசற்படியில் வைத்தார்.

"செண்பகாவுக்கு, பாப்பா. வைக்காட்டி காய் கருகிப்போகும்."

"அது அப்பா எழுதுன கதை, அக்கா."

"ஒங்கப்பா நல்லாத்தேன் எழுதுனாரு. ஆனா எங்காத்தா காலத்துலயே இவ இங்கனதேன் இருக்கா."

அந்தப் பெயரை யார் யாரிடமிருந்து எடுத்தது? அப்பாவும் இல்லை, கேட்க.

திரும்பும்போது அந்தக் காய்களை மிதித்துவிடாமல் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினேன். என் பொம்மைக்கு நான் ஏன் பயந்தேன்?