ஏழுமலைக்கு என்ன வயது

ஐப்பசி 4, வெள்ளி

காலை முதல் தூறல். பல்வலி. கோட்டைக் கிடங்கில் கெஞ்சிக் கொஞ்சம் கிராம்பு வாங்கினேன். உலாந்தாக்காரரிடம், அதாவது டச்சுக்காரரிடம், பேச்சை மொழிமாற்றிச் சொல்லும் துபாசியாக இருப்பதில் உள்ள ஒரே சுகம்.

பசியாவரத்துப் பொன்னனின் மகன் ஏழுமலை பிடிபட்டான். மதிலேறிக் குதித்து, மடி நிறையத் துப்பாக்கி ஈயக்குண்டு. எதற்கடா என்றேன்.

"வலை அடியில கட்ட சாமி. மண்ணுக் குண்டு ஒடஞ்சி ஒடஞ்சி பூடுது."

அப்படியே கோட்டைத் துரைக்குச் சொன்னேன். நம்பவில்லை. எந்த எதிரிக்கு விற்கப் பார்த்தான் என்கிறார்.

வயது வந்தவன் என்றால் விலங்கு, அடுத்த கப்பலில் கடல் தாண்டிப் பத்தாவியாவுக்கு நாடு கடத்தல். சிறுவன் என்றால் பிரம்படியோடு வீடு. துரை சொன்ன சட்டம் இது. பார்க்க ஒல்லி. ஆனால் உயரம்.

ஐப்பசி 5, சனி

மழை விட்டது. விறகெல்லாம் ஈரம். அதனால் மனைவி காமாட்சிக்குக் கோபம். "மதிலேறத் தெரிஞ்சவனுக்கு அடி வாங்கத் தெரியாதா?" என்கிறாள். அடிக்கு யார் பயந்தார்கள்? கப்பல்தான். அதில் போனவன் எவனும் இங்கே திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. சொன்னேன். அவளே பையனுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள்.

கொட்டடிக்குக் கொண்டு போனேன். மடக் மடக்கென்று குடித்தான்.

"நைனா அழுதுதா சாமி? கப்பல்ல போனா பொங்கலுக்குத் திரும்பிடலாமா?"

கஞ்சிக் கலயத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திருடும்போது பெரியவன், மற்ற நேரமெல்லாம் குழந்தை. இதில் யாரை நிறுத்தி விசாரிப்பது? என் கண்ணுக்குக் குழந்தைதான் தெரிகிறது. துபாசியை யார் கேட்டார்கள்.

ஐப்பசி 7, திங்கள்

விசாரணை. பல்வலி அதிகம். "சின்னப் புள்ள சாமி" என்று பொன்னன் அழுதான். துரை சிரித்தார். யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள், ஊரின் பாடு முறையில் ஏழுமலைக்கும் பங்கு உண்டென்று. பாடு என்றால் என்னவென்று விளக்கவே எனக்கு வாய் வலித்தது: ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை போடுவது என்ற முறை, தையில் அம்மன் கோயிலில் சீட்டுப் போடுவார்கள், முழு ஆண்பிள்ளைக்கு மட்டுமே பங்கு.

"உங்கள் ஏரிக்கு ஆண்பிள்ளை, என் கோட்டைக்கு மட்டும் குழந்தையா?"

துரை கேட்டதைத் தமிழில் கேட்டது நான். பாழாய்ப்போன பிழைப்பு. பொன்னன் தலை நிமிரவில்லை. இரண்டாவது பங்குக்கு ஆசைப்பட்டு, அம்மன் முன்னால் மகனுக்கு வயதைக் கூட்டிச் சத்தியம் செய்திருக்கிறான். இப்போது மறுத்தால் பொய்ச் சத்தியம். ஊர் அவன் பங்கையும் பிடுங்கிவிடும். மறுக்காவிட்டால் மகன் கப்பலேறுவான். நுணலும் தன் வாயால் கெடும்.

நாளை தீர்ப்பு. சோறு இறங்கவில்லை.

ஐப்பசி 8, செவ்வாய்

வெயில். பொன்னன் தன் ஊர்த் தலைவரான நாட்டாரையும் கூட்டி வந்தான். துரை எதிரிலேயே நாட்டார் காலில் விழுந்தான்.

"அம்மன் முன்னாடி பொய் சொன்னேன் நாட்டாரே. அவனுக்குப் பன்னெண்டுதான் ஆவுது. அவன் பாடும் வாணாம், எம் பாடும் வாணாம். புள்ளய வுட்டா போதும்."

அன்று பொய் சொன்னவன் இன்று மட்டும் உண்மை சொல்கிறானா என்றார் துரை. நாட்டார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பொய்யின்னா தன் தண்ணிப் பங்க வுடுவானா? தண்ணி வுட்டா எங்காளு இன்னாத்த துன்னுவான்? கேளு சாமி உன் தொரைய."

கேட்டேன். துரை பொன்னனை ஏற இறங்கப் பார்த்தார். என்ன இருந்தாலும் வியாபாரி. கைமுதலை விடுகிறவனை நம்பலாம் என்று அவருக்குத் தெரியும். ஆறு பிரம்படி, வீடு.

அப்பாடா! எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்றேன். மழை ஈரமே இன்னும் காயவில்லை, தூசியாம்! வீட்டில் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பல்வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

ஐப்பசி 11, வெள்ளி

கோட்டைப் படகில் ஏரி கடந்தேன். இதமான காற்று. கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் பொன்னனும் ஏழுமலையும். பாடு போனதால் வலை இல்லை. குனிந்து சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பையன் என்னைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"சாமி! வர்ற தைக்கு நானு ஆம்பள ஆயிடுவேனா?"

பொன்னன் சேற்றுக் கையாலேயே அவன் வாயைப் பொத்தினான்.