பொண்ணு போட்டோவுக்கு மூணு மணி நேரம்

திண்டுக்கல்
3.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜீவிதா எழுதுகிறேன். கேட்காமல் கொள்ளாமல் கடிதம் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான்கு வருடம் ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுத உட்கார்ந்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

உன் முகவரியை உன் வீட்டுக்காரரின் பெரியம்மா செபாஸ்தியம்மாள்தான் கொடுத்தார். ஸ்டுடியோவுக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வந்திருந்தார். அதற்கு நான்கு நிமிடம் போதும். அதிலும் மூன்று நிமிடம் தலை சீவுவதில் போகும். அன்று நான் லைட் சரியில்லை, நாற்காலி சரியில்லை என்று அவரைக் கால் மணி நேரம் உட்காரவைத்தேன். கடைசியில் அவரே, "போதும் தாயி, கேக்க நெனச்சதக் கேளு" என்றார். போன் நம்பர் மட்டும் தன்னிடமும் இல்லை என்றார். பிராங்க்ளின் மச்சான் யாரிடமும் கொடுப்பதில்லையாம்.

டிகிரி வாங்கிய பிறகும் நான் அதே ஸ்டுடியோவில்தான் இருக்கிறேன். முதலாளி அன்புமணி அண்ணன் வெளி ஆர்டருக்குப் போய்விடுவார். உள்ளே வருகிறவர்களை நான் எடுக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது எவ்வளவு நேரமாகும் என்றுதான். கைக்குழந்தை என்றால் மூன்று மணி நேரம் என்பேன். அது தூங்க வேண்டும், பால் குடிக்க வேண்டும், அண்ணன் வைத்திருக்கிற கூடைக்குள் அழாமல் படுக்க வேண்டும். கல்யாணம் நிச்சயமான ஜோடிகளைச் சிறுமலைக்குக் கூட்டிப்போனால் விடியற்காலையில் போய் இருட்டித்தான் வருவார்கள். குடும்பத்தோடு எடுப்பதற்குப் பத்து நிமிடம். ஆனால் யாராவது ஒருவர் கடைசி வரை வராமல் இருப்பார், அவருக்காக ஒரு மணி நேரம் எல்லோரும் வேர்த்துப்போய் நிற்பார்கள். வயசானவர்களை மகன்கள் கூட்டிவந்து தனியாக ஒரு படம் எடுக்கச் சொல்வார்கள். எதற்கென்று சொல்ல மாட்டார்கள். அதுதான் எல்லாவற்றிலும் சீக்கிரம் முடிவது. பெரியவரும் எதற்கென்று கேட்பதில்லை.

பொண்ணு போட்டோவுக்கு நாற்பது நிமிடம். அது உனக்கே தெரியும். அன்றைக்கு அப்பா கேட்டபோது நான்தான், "மாப்பிள்ள வீட்டுக்குக் குடுக்குறதுப்பா, மூணு மணி நேரம் ஆகும்" என்றேன். அவரும் நம்பி எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்தார். நீ பின்பக்கக் கதவு வழியாகச் சந்தில் இறங்கி மச்சானோடு போன பிறகு, காலி நாற்காலிக்கு நேராக நான் அவ்வப்போது ஃப்ளாஷ் அடித்துக்கொண்டே இருந்தேன். முன்பக்கக் கண்ணாடியில் வெளிச்சம் தெரிய வேண்டுமே. நீ மில்லுக்குப் போனதால்தான் நான் காலேஜுக்குப் போனேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அப்பா என்னை அடிக்கவில்லை அக்கா. ஆனால் அன்றிலிருந்து என்னிடம் நேரம் கேட்பதில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்றுகூடப் பக்கத்து வீட்டில் போய்த்தான் கேட்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். சர்க்கரை கண்ணையும் பிடித்துவிட்டது. வாசலில் யாராவது நின்றால் ஆணா பெண்ணா என்பது மட்டும் தெரியும். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லம்மா என்றார்.

போன வாரம் அம்மா, "எனக்குன்னு ஒரு போட்டோ இல்லடி. ஆதார்ல இருக்குற மூஞ்சிய மாட்டித் தொலச்சிராதீங்க, பேயி பிசாசு மாதிரி இருக்கும்" என்றாள். அப்பா பூக்கூடையைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே என்னிடம், "எம்புட்டு நேரமாகும்?" என்று கேட்டார். நான்கு வருடத்தில் முதல் தடவை. பத்து நிமிடம் என்று உள்ளதைச் சொன்னேன்.

"அன்னைக்கு மூணு மணி நேரம்ன. இன்னைக்கும் மூணு மணி நேரம்னே வச்சுக்க. நான் டீக்கடையில இருப்பேன். நடுவுல வர மாட்டேன்."

கொஞ்சம் பொறுத்து, "பின்பக்கக் கதவு இன்னும் இருக்கா?" என்றார்.

உன் பெயரைச் சொல்லவில்லை. 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. கதவைத் திறந்தே வைத்திருப்பேன். அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

உன் தங்கை,
ஜீவிதா

*

ஓசூர்
11.2.2025

பாப்பா ஜீவிதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவைப் பற்றிப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. சர்க்கரை என்று தெரியும். கிட்னி வரை போகும் என்று நினைக்கவில்லை. உப்புக் குறைத்துப் போடு. ஊறுகாயை ஒளித்து வை, எங்கே வைத்தாலும் அம்மா கண்டுபிடித்துவிடும்.

நீ டிகிரி முடித்தது சந்தோஷம். எங்களுக்குக் குழந்தை இருக்கிறது. பெயரை எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. தப்பாக நினைக்காதே.

நான் வருவது பற்றி. பாண்டியராஜ் சித்தப்பா நான்கு பேரோடு வேடசந்தூரில் இவர் வீட்டுக்குப் போனது உனக்கு எவ்வளவு தெரியுமோ. செபாஸ்தியம்மாள் பெரியம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். இவருடைய தம்பிக்கு வலது கை இன்னும் மடங்காது. அப்பா அன்றைக்குக் கூடப் போகவில்லை, ஒத்துக்கொள்கிறேன். போக வேண்டாம் என்றும் சொல்லவில்லையே.

அந்தப் பின்பக்கச் சந்து எனக்கு மறக்கவில்லை. ஒரு ஆள் போகிற அகலம்தான் இருக்கும். அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர் நின்றால் போதும். கடிதத்தைப் படித்துவிட்டு இவர், "உங்கப்பா கதவு இருக்கான்னு கேட்டது நீ வர்றதுக்கா, ஆள் நிப்பாட்டுறதுக்கா?" என்றார். உனக்குத் தெரியுமா?

நீ பொய் சொல்ல மாட்டாய் என்று எழுத வந்தேன். ஆனால் எனக்காகவே மூன்று மணி நேரம் உட்கார்ந்து பொய் சொன்னவள் நீ. அன்றைக்கு எனக்காகச் சொன்னாய். இப்போது யாருக்காகச் சொல்கிறாய் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொன்னாரா?

இதை எழுதும்போது எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது. வர முடிந்தால் வருகிறேன். எதிர்பார்க்காதே.

மேகலை

*

திண்டுக்கல்
15.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

யாரும் எழுதச் சொல்லவில்லை. அப்பாவுக்கு உன் முகவரி என்னிடம் இருப்பதே தெரியாது. சித்தப்பாவிடம் போட்டோ விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அன்று அவர் பழனிக்கு ஒரு வளைகாப்புக்குப் போகிறார்.

அப்பா எதற்காகக் கேட்டார் என்று கேட்டிருக்கிறாய். அவர் மனதில் இருப்பதை நான் எப்படிச் சத்தியம் செய்வது? ஆனால் கேட்டபோது கையில் வாழை நாரை வைத்துக்கொண்டு, கட்டிய முடிச்சையே திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்தது அவ்வளவுதான்.

நீ உள்ளே வரக்கூட வேண்டாம். பின்வாசலில் செத்த நேரம் நின்றுவிட்டுப் போ. சந்து முனையில் நானே வந்து நிற்கிறேன். என்னைத் தாண்டித்தான் யாரும் வர முடியும். நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லைதான்.

ஜீவிதா

*

திண்டுக்கல்
13.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா போன திங்கட்கிழமைக்கு முந்தின திங்கட்கிழமை, மூன்றாம் தேதி காலையில் போய்விட்டாள். அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். உனக்குச் சொல்ல வழியில்லை. செபாஸ்தியம்மாள் பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன், பூட்டியிருந்தது. வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார்களாம். இப்படித் தபாலில் உனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. உட்கார்ந்துகொண்டு மேலே படி.

நீ வரவில்லை என்பதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் வந்திருக்க மாட்டேனோ என்னவோ. அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன். அது உனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

அம்மா அரக்குக் கலர் சின்னாளப்பட்டிச் சேலை கட்டியிருந்தாள். அப்பா அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் டீக்கடைக்குப் போய்விட்டார். பத்தேகாலுக்கெல்லாம் படம் முடிந்துவிட்டது. முடிந்ததென்று நான் சொல்லவில்லை. முகத்தைக் கொஞ்சம் திருப்பும்மா, தோளை இறக்கும்மா என்று எடுத்துக்கொண்டே இருந்தேன். நடுநடுவே சந்து முனைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பதினொரு மணிக்கு அம்மா, "ஏன்டி, உன் பத்து நிமிசம் இன்னுமா முடியல? யாரு வாரா?" என்றாள்.

அம்மா என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டாள். கேமரா பக்கம் திரும்பச் சொன்னாலும் திரும்பவில்லை. பின்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் அது. அவளால் அரை மணி நேரம்கூட நிமிர்ந்து உட்கார முடியாது. படுத்துக்கொள்ளம்மா என்றேன். "சேல கசங்கிரும்" என்றாள்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கதவில் நிழல் விழுந்தது. எனக்கு உயிரே வந்தது போலிருந்தது. பெருமாயி அக்கா நின்றார். சந்துக்குள் பிரியாணிக் கடைக்குச் சின்ன வெங்காயம் உரிக்கிறவர். குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்திருந்தார். அவருக்குப் பின்னால் வெயில். அம்மாவுக்கு ஒரு பொம்பளை நிற்பது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"மேகல?" என்றாள்.

என் விரல் கேமராவில் இருந்தது, அழுத்திவிட்டேன். அதற்கப்புறம்தான் வாய் வந்தது. "ஆமாம்மா" என்றேன்.

பெருமாயி அக்கா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அப்படியே நின்றார். காலையிலிருந்து வெங்காயம் உரித்த கண் இரண்டும் ஒழுகிக்கொண்டிருந்தது. மூக்கை உறிஞ்சினார். அது அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"அழுகாதடி. உள்ள வந்துராத, உங்கப்பா எதுத்தாப்புலதான் இருக்காரு. அங்கனயே நில்லு. மெலிஞ்சு போயிட்டியே, சோறு திங்கிறியா இல்லையா? உங்கப்பாகிட்டயும் கோவம் வச்சுக்காத. போ, போயிட்டு வா, நேரமாகுது."

பெருமாயி அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போனார். தண்ணீர் குடிக்கவில்லை.

சரியாக ஒரு மணிக்கு அப்பா வந்தார். ஒரு நிமிடம் முன்னால் வரவில்லை. பஸ்ஸில் அம்மா அவர் காதில் ஏதோ சொன்னாள். வீட்டுக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வந்தாளா?" என்று கேட்டார். "வந்தாப்பா" என்றேன். "சண்டை ஒண்ணும் போடலையே?" "இல்லப்பா." அன்று அவர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

உன் பெயரைச் சொன்னபோது நான் அழுத்திய அந்த ஒரு படத்தில்தான் அம்மா சிரிக்கிறாள். இருநூற்றுப் பன்னிரண்டு படத்தில் அது ஒன்றுதான். அதைத்தான் பெரிதாகப் போட்டு மாட்டியிருக்கிறோம். சித்தப்பா பார்த்துவிட்டு, "என்னண்ணே, மைனி கேமராவப் பாக்காம எங்கிட்டோ பாக்குது" என்றார். அப்பா, "அவ பெரிய மகளப் பாத்தா. அன்னைக்கு மேகல வந்துட்டுப் போனா. இனிமே அவங்க பக்கம் எவனும் போகக் கூடாது, போனா நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றார். துக்க வீட்டில் அத்தனை பேர் முன்னால் சொன்னார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

நீ நேரில் வந்துவிடாதே என்று எழுதவும் எனக்கு மனம் வரவில்லை, வா என்று எழுதவும் வரவில்லை. வந்தால் அப்பா உன்னை உட்காரவைத்து அந்த நாளைப் பற்றித்தான் கேட்பார். உன் முகத்தில் பொய் நிற்காது. சின்னப் பிள்ளையிலேயே நீ அப்படித்தான்.

காரியம் முடிந்த அன்று அப்பா படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "உங்கம்மா அவகிட்ட என்ன பேசுனான்னு அவதான் சொல்லணும்" என்றார். தினமும் சொல்கிறார். என்னிடம் கேட்பதில்லை. நான் சொல்வதை அவர் முழுசாக நம்பமாட்டார் போலிருக்கிறது, நம்பாமலும் இருக்க மாட்டார். தபால்காரர் வருகிற நேரத்துக்குத் தோட்டத்திலிருந்து வந்துவிடுகிறார்.

அதனால் முதலிலிருந்தே கேட்க நினைத்து, கேட்க முடியாமல் இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். அம்மா சொன்னதையெல்லாம் மேலே ஒரு சொல் விடாமல் எழுதியிருக்கிறேன். அது உன்னிடம் சொன்னதுதான், வேறு யாரிடமும் இல்லை. அதைப் பார்த்து, உன் கையெழுத்தில், அப்பா பெயருக்கு ஒரு கடிதம் போடு அக்கா. அன்றைக்கு நீ வந்தாய் என்று எழுது.

ஜீவிதா