இனிப்புக் குறைந்த டீயும் ஒரு சிறுநீரகமும்

டாசன், ஜார்ஜியா
வியாழக்கிழமை, மதியம்

என் அருமைத் தங்கை நடீனுக்கு,

உன் அக்கா வெர்டெல் எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் நானும் என் வீட்டுக்காரர் ராஸ்கோவும் நலமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாய். இந்த வாரம் அதுவும் போயிற்று, போனையே எடுப்பதில்லை. டெட்ராய்ட் வரை வந்து உன் காதைப் பிடிக்க முடியாததால் கடிதம் எழுதுகிறேன். கடைசி வரி வரை படிக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். என் சர்க்கரை இறங்கிவிட்டது, நடீன்! செவ்வாய்க்கிழமை டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, தங்கைக்குச் சிறுநீரகம் கொடுப்பதற்கான அடுத்த பரிசோதனைகளுக்கு வரலாம் என்றார். வசந்தகாலத்தில் என்னைத் திருப்பி அனுப்பியவரும் இவர்தான். "நீங்க எல்லைக்கோட்டுல நிக்கிறீங்கம்மா. இந்தச் சர்க்கரையோட ஒரு கிட்னியை எடுத்தா, நாளைக்கு நீங்களும் டயாலிசிஸுக்குத்தான் வரணும்" என்று அன்றைக்கு முகத்துக்கு நேராகச் சொன்னார். அன்று காரில் உட்கார்ந்து அழுதேன். உன்னிடம் சொல்லவில்லை.

நடுவில் நான் அடித்த கூத்தைக் கேள். சர்க்கரையை நிறுத்து என்றார்கள். கேக்கை நிறுத்தினேன், பீச் பழப் பலகாரத்தை நிறுத்தினேன். ஆனால் டீயை எப்படி நிறுத்துவது? நம் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்தவர்கள் யார்? ராஸ்கோதான் வழி சொன்னார், செயற்கை இனிப்பு போட்டுக்கொள் என்று. அந்தச் சின்னச் சின்னப் பொட்டலங்களைக் கிழித்துப் பார்த்தேன். ஐஸ் போட்ட ஒரு டம்ளருக்குச் சரி, ஜாடி நிறையக் காய்ச்சி ஆறவைத்து ஐஸ் போடும் நம் டீக்கு எந்த மூலைக்குக் காணும்? டிகாஷன் கொதிக்கும்போதே கோப்பை கோப்பையாக இனிப்பைக் கொட்டிக் கரைத்தால்தான் அது டீ. கடையில் அலமாரி அலமாரியாகத் தேடி, பெரிய பையாக ஒன்று எடுத்து வந்தேன். கேக் சுடுவதற்கு என்று படம் போட்டு, செயற்கை இனிப்பின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ருசியோ அசல் சர்க்கரை மாதிரியே. ஆகா, இது என்ன அதிசயம் என்று காலையில் ஒரு ஜாடி, சாயங்காலம் ஒரு ஜாடி குடித்தேன். போதாதென்று சபைக்கும் கொண்டுபோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள் எல்லாரும் பயமில்லாமல் குடியுங்கள் என்று நானே ஊற்றிக் கொடுத்தேன்.

மறுபரிசோதனையில் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. நான் மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று சண்டைக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் டெனிஸ், அந்தப் பையை எடுத்து வரச் சொன்னாள். பின்பக்கம் திருப்பிப் படித்தாள். முதல் பொருளே சர்க்கரை! கேக் உப்பி வர வேண்டுமென்று பாதிக்குப் பாதி அசல் சர்க்கரை கலந்த பையாம் அது. எனக்கு மானம் போயிற்று. அவள் சிரித்துவிட்டு, பிறகு சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய?

சரி, கலப்பில்லாத செயற்கை இனிப்பையே வாங்கிக் கொட்டட்டுமா என்றேன். அவள் சொன்னது இதுதான்: "அது ரத்தத்துல சர்க்கரையை ஏத்தாதும்மா. ஆனா நாக்கு பழைய தித்திப்பையே கேட்டுக்கிட்டு இருக்கும். வருஷக்கணக்கா ஜாடி ஜாடியா குடிச்சா உடம்புக்கு என்ன ஆகும்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க. கொஞ்சம் கொஞ்சமா இனிப்பையே குறைச்சுப் பாருங்களேன்." அப்படியே குறைத்தேன். முதலில் வாயில் வைக்க முடியவில்லை. எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன், ராஸ்கோ பாவம் தோட்டத்திலேயே குடியிருந்தார். சாயங்காலம் இருவரும் நடக்கத் தொடங்கினோம். இப்போது எலுமிச்சையும் புதினாவும் போட்ட வெறும் டீ எனக்குப் பிடித்தே போய்விட்டது. இதை நான் சொல்வேன் என்று நீ நினைத்திருப்பாயா?

சபையின் ஆண்டு விருந்தில் இரண்டு ஜாடி வைத்தேன், ஒன்று பழைய டீ, ஒன்று இனிப்பில்லாதது. சபைப் பொறுப்பில் இருக்கும் டீக்கன் ஹோரஸுக்குப் போன வருஷம் சர்க்கரையால் கால்விரலை எடுத்தார்கள் இல்லையா, அவர்தான் முதலில் இனிப்பில்லாததை ருசி பார்த்தார். "சிஸ்டர் வெர்டெல், இது டீயா, டீ பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். நான் அடுத்தவருக்கு ஊற்றப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வந்து டம்ளரை நீட்டினார். "பிடிச்சுப்போச்சுன்னு நினைக்காதீங்க. மிச்சம் இருக்கற விரலாவது மிஞ்சட்டும்" என்றார். விருந்து முடியும்போது அந்த ஜாடியும் காலி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் லாட்ரிஸ் என்னிடம் பேசினாள். அவளைத் திட்டாதே. அக்கா சிறுநீரகம் எனக்கு வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கப் போகிறாயாம். நம் அம்மா மாதிரியே எனக்கும் சர்க்கரை வந்து, ஒற்றைச் சிறுநீரகத்தோடு நான் திண்டாடுவேன் என்று உனக்குப் பயமாம்.

எனக்கும் பயம்தான், நடீன். டாக்டரிடம் நேராகவே கேட்டேன். பழைய மாதிரி தின்று குடித்தால் வரும், இப்படியே இருந்தால் வராமல் தள்ளிப்போட நல்ல வாய்ப்பு இருக்கிறது, சத்தியம் பண்ண யாராலும் முடியாது என்றார். அவர் மழுப்பவில்லை, அதனால் நம்பினேன். ஒன்று யோசித்துப் பார். இதெல்லாம் நான் உனக்காகத்தான் தொடங்கினேன். ஆனால் எனக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, படியேறினால் மூச்சு வாங்குவதில்லை. உனக்குத் தர வேண்டும் என்ற ஆசை இல்லாவிட்டால் நான் இன்னும் அந்த ஜாடியைத்தான் கட்டிக்கொண்டு இருந்திருப்பேன். அம்மாவுக்கு அந்த டயாலிசிஸ் நாற்காலியில் என்ன ஆயிற்று என்று நாம் இருவரும் பார்த்தோம். வாரம் மூன்று நாள் நீ அதே நாற்காலியில் கிடக்க, நான் இங்கே இரண்டு சிறுநீரகத்தோடு எப்படிச் சாப்பிடுவேன், எப்படித் தூங்குவேன்?

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கூப்பிடுவார்கள். போனை எடு. எனக்கு நன்றி சொல்ல வேண்டாம், அழ வேண்டாம், "சரி" என்று மட்டும் சொல். வாழ்நாள் முழுக்க அக்கா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசினாய், இந்த ஒரு தடவை பேசாதே, என் கண்ணே. கர்த்தர் உன்னை எனக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போகாமல் இருக்கட்டும்.

என்றும் உன் அக்கா,
வெர்டெல்